பங்கில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பணி செய்ய வருகிறீர்களா? தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலைக்கோ படிப்புக்கோ மதுரைக்கு வந்து, வீட்டுக்கு அருகிலுள்ள கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தில்) சேர்ந்து, "இங்கே பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே" என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பல பங்குகளில் யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தை வாங்கியதும் மறைக்கல்வி எனும் சமய வகுப்புக்கு வருவது குறைந்துவிடும். இளைஞர் இயக்கத்தில் இருப்பவர்களோ கல்லூரி முடித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். நடுவில் இருக்கும் இந்த 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஆள் தேவை. ஆனால் ஆர்வத்தோடு வருகிறவர்களில் பலர் மூன்றே மாதத்தில் காணாமல் போகிறார்கள். செய்ய வேண்டியதை முறைப்படி வரிசையாகச் செய்தால் அப்படி நேராது.

1. எந்தப் பணி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பங்கில் பதின்ம வயதினர் ஏற்கெனவே நான்கைந்து இடங்களில் இருப்பார்கள்: மறைக்கல்வி மேல்வகுப்பு, பீடப்பணியாளர் குழு, பாடகர் குழு, மரியாயின் சேனையின் சிறார் பிரிவு, கத்தோலிக்கப் பள்ளி அருகில் இருந்தால் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். புதிதாக ஒரு குழுவைத் தொடங்கும் ஆசையை ஓராண்டுக்கு ஒத்திவைத்து, இருப்பதில் ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். புதுக் குழு தொடங்கினால் அதே பிள்ளைகள்தான் அங்கும் வருவார்கள். பழைய குழுவின் பொறுப்பாளர் மனத்தாங்கல் கொள்வார், நடுவில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று வாரம் திருப்பலி (பூசை) முடிந்ததும் வளாகத்தில் நின்று பாருங்கள். எந்தப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள், எவர் தனியே நிற்கிறார், யாருடைய பேச்சைக் கேட்கிறார்கள் என்று தெரியும். கோயில்பிள்ளையிடம், அதாவது கோயிலைப் பராமரிக்கும் பணியாளரிடம், பேசுங்கள். எந்தப் பிள்ளை எந்த வீடு, யார் எந்தப் பள்ளி, மண்டபச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

2. பங்குத்தந்தையைச் சந்திப்பது

ஞாயிறு பூசைக்கு முன்னும் பின்னும் அவரைப் பிடிக்காதீர்கள். திருமண ஓலை (திருமண அறிவிப்பு), இறந்தோர் பூசை, சந்தா என்று பத்துப் பேர் நிற்பார்கள். நீங்கள் சொல்வதற்கு "சரி சரி, பார்க்கலாம்" என்ற பதிலே கிடைக்கும். வார நாளில் மாலைத் திருப்பலி முடிந்ததும், முன்கூட்டியே கேட்டு, அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பல பங்குகளில் திங்கட்கிழமை சாமியார் ஊரில் இருக்க மாட்டார்.

உங்கள் பகுதி அன்பியத்தின் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவின்) பொறுப்பாளரை உடன் அழைத்துப் போங்கள். புதியவரைத் தெரிந்த ஒருவர் அறிமுகம் செய்வது பாதி வேலையை முடித்துவிடும். எந்த அன்பியம் என்றே தெரியாதவர்கள், முதலில் வீட்டு முகவரியைச் சொல்லிப் பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போடுங்கள். விடுதியில் தங்கியிருப்பவர்களும் தனி நபராகப் பதிந்துகொள்ளலாம்.

அந்தச் சந்திப்பில் நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்கி வாருங்கள். யாருக்குக் கீழே நான் பணி செய்வேன்? எந்த அறை, எந்த நேரம்? செலவுக்குப் பணம் எங்கிருந்து? பிள்ளைகள் பாதுகாப்புக்கு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) கொடுத்திருக்கும் விதிமுறை எங்கே?

முடிவானதைப் பங்குப் பேரவை எனும் பங்கின் ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். குருக்கள் மாற்றம் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதி பழைய சாமியாரோடு போய்விடும். புதிதாக வருகிறவர் "யார் உங்களைப் போட்டது?" என்று கேட்டால் காட்ட அந்த ஒரு வரி போதும்.

3. ஆவணங்கள்

எல்லாப் பங்கும் எல்லாவற்றையும் கேட்காது. கேட்காவிட்டாலும் ஒரு கோப்பில் வைத்து அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று. திருமுழுக்குச் சான்றைத் திருமுழுக்கு நடந்த பங்கில்தான் பெற முடியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஊருக்குப் போகும்போதே வாங்கிவிடுவது நல்லது. நேரில் போனால் அன்றே கிடைக்க வாய்ப்புண்டு, தபாலுக்குக் காத்திருந்தால் வாரங்கள் ஓடும். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஏறக்குறைய எந்த மாதம் என்ற விவரம் இருந்தால் பதிவேட்டில் தேடுவது எளிது. திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் பெயர் வேறு என்பது நம் பக்கத்தில் சாதாரணம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அந்தப் பங்குத்தந்தையிடமே ஒரு குறிப்பு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இதற்காகவே மறுபடி ஊருக்குப் போக வேண்டிவரும்.

முந்தைய பங்கிலிருந்து பரிந்துரைக் கடிதம். "நல்லவர்" என்று பொதுவாக எழுதிய கடிதம் பயன்படாது. எத்தனை ஆண்டு தெரியும், அங்கே சிறுவர்களோடு பணி செய்தாரா, அவர்மீது புகார் ஏதும் வந்ததா என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

ஆதார் நகல். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கிக் கொடுங்கள். நகலின் மேலே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் கையால் எழுதுங்கள்.

காவல்துறைச் சரிபார்ப்பு. இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். பாஸ்போர்ட் சேவை வழியாகத் தரும் பி.சி.சி. (காவல்துறைத் தடையின்மைச் சான்று) வெளிநாடு செல்வோருக்கானது, உங்களுக்கு அது வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் உள்ள காவல் சரிபார்ப்புச் சேவையில் விண்ணப்பியுங்கள். கட்டணத்தையும் இணையத்திலேயே கட்டலாம். ஆதாரில் ஊர் முகவரியும் வாடகை வீட்டில் மதுரை முகவரியுமாக இருந்தால், இப்போது குடியிருக்கும் முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திருங்கள். ஒரு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

வயது 18 ஆனதும் பொறுப்புக் கொடுக்கும் பங்குகள் உண்டு. என் கருத்தில் 21க்குக் கீழ் தனிப் பொறுப்பு கூடாது. 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் அனிமேட்டர் (குழுவை வழிநடத்துபவர்), மற்றவர் குழு உறுப்பினர் என்றானதும் அந்த உறவின் தன்மையே மாறிவிடுகிறது. பாலியல் விஷயத்தில் 18க்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதம் ஆகாது. கல்லூரி மாணவர்களை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு மூத்தவர்களிடம் இருக்கட்டும்.

4. தனியாகத் தொடங்காதீர்கள்

எந்தக் கூட்டத்திலும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இருவரும் கணவன் மனைவியாக இல்லாமல் இருப்பது நல்லது. ஆறு ஏழு பிள்ளைகளுக்கு ஓர் அனிமேட்டர் என்பது சரியான அளவு. 25 பிள்ளைகளுக்கு நான்கு பேர். நான்கு பேர் கிடைக்கவில்லை என்றால் 12 பிள்ளைகளோடு தொடங்குங்கள். ஒருவர் வராத நாளில் கூட்டத்தை நடத்தாமல் ஒத்திவைத்து, முந்தின இரவே பெற்றோருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

5. பிள்ளைகள் பாதுகாப்பு: சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பின்னால் கற்றுக்கொள்ளலாம், இதை முதல் கூட்டத்துக்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத ஒவ்வொருவரும் குழந்தை. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறையிடம் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை என்கிறது பிரிவு 19. தெரிந்தும் சொல்லாதவருக்குப் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது. சமய நிறுவனத்தின் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அங்குள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்தால் அது கடுமையான வகைக் குற்றமாகிறது.

திருச்சபைக்குள்ளும் வழி உண்டு. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்டு 2023இல் திருத்திய சட்டம், ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் பெறும் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மறைமாவட்டத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது காவல்துறைக்குச் சொல்வதற்கு மாற்று ஆகாது. "முதலில் பேரவையில் பேசுவோம், பங்கின் பெயர் கெட்டுவிடும்" என்று யார் சொன்னாலும் உங்கள் சட்டக் கடமை அப்படியே இருக்கும்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று தொடங்கினால் சத்தியம் செய்யாதீர்கள். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லாத கடமை) குருவுக்கு உரியது, அனிமேட்டருக்கு அப்படி எதுவும் இல்லை. "உனக்கு உதவி செய்யத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று கூறுங்கள். பிறகு கேளுங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே அன்றே எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

அடுத்து, 1098 சிறார் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது அந்தப் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பெற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோருக்கு இதைச் சொன்னாலே பாதி பயம் போகும். பிள்ளையின் பெயரோ, படமோ, அடையாளம் காட்டும் எந்த விவரமோ வாட்ஸ்அப்பில் போகக் கூடாது, செப உதவி கேட்டுக்கூட.

பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்தாலும் அதே 1098தான்.

அன்றாட நடைமுறையில் கடைப்பிடிக்க வேண்டியவை: பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள், பேச வேண்டுமானால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கெபி (மாதா சிலை வைத்த குகை) அருகிலோ வராந்தாவிலோ உட்காருங்கள். வண்டியில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள்; பிள்ளை அனுப்பினால் பதிலைப் பெற்றோர் உள்ள குழுவில் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் பின்தொடர வேண்டாம். பரிசு கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுங்கள். "டீ வாங்கிட்டு வாடா" என்று வண்டிச் சாவியைப் பதினாறு வயதுப் பையனிடம் நீட்டாதீர்கள். உரிமமில்லாச் சிறுவர் வண்டி ஓட்டினால் வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

மனச்சோர்வு இன்னொரு பெரிய விஷயம். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் குழுப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அன்று மாலைக்குள் போன் செய்யுங்கள், குறிப்பாக மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு. "சாகலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டும் தமிழில் பேசும் இலவச எண்கள். செபம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் அனுப்புங்கள். இரண்டும் வேண்டும்.

6. பெற்றோர் கையெழுத்து

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே தாளில் வாங்கிவிடுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, இரண்டு போன் எண், ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, தொடர் மருந்து, கூட்டம் முடிந்து யாரோடு வீடு திரும்பும், படம் எடுக்கச் சம்மதமா இல்லையா. தமிழில் அச்சிடுங்கள். பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் பிள்ளையே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரும். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரில் வாங்குங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

வீட்டுக்குப் போவதையே நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். மதுரைத் தாய்மார்கள் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பத் தயங்க மாட்டார்கள், தெரியாத ஆளிடம் அனுப்பத்தான் தயங்குவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் குழு என்றால் கேள்விகள் வரும், வரவும் வேண்டும். யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், கதவு திறந்திருக்குமா என்று கேட்கும் பெற்றோர்தான் உங்களுக்கு நல்ல துணை.

7. எந்த மாதம் எது

ஜூனில் பள்ளி திறக்கும்போது மறைக்கல்வியும் தொடங்கும். உங்கள் வேலையையும் அதோடு தொடங்குங்கள். ஆவணம் சேர்க்கும் வேலை அதனால் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு இருக்கும். அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளாமல், தேர்வுக்கு முன் ஒரு நாள் பெற்றோரோடு வரவழைத்து ஆசீர் வாங்கிக்கொடுங்கள்.

கிறிஸ்து அரசர் பெருவிழா நவம்பரில் வரும். 2021 முதல் மறைமாவட்ட அளவிலான உலக இளையோர் நாள் அன்றுதான். வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்க அது நல்ல நாள். ஒரு மாதம் முன்பே கேட்டால்தான் கிடைக்கும். வாசிக்கும் பிள்ளையை முந்தின நாள் மைக்கில் இரண்டு முறை வாசிக்க வையுங்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் அரையாண்டுத் தேர்வோடு மோதும். தேர்வு முடியும் நாளுக்கு முன் பதின்ம வயதினரைக் கூப்பிடாதீர்கள். இரவு 9 மணிக்கு அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் பெரியவர்களும் அதற்குள் முடிக்கத்தான் வேண்டும்.

தவக்காலத்தில் சுற்றுலா வேண்டாம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பிள்ளைகள் ஒரு வாரம் பொறுப்பெடுக்கலாம். ஒன்று கவனியுங்கள்: புலால் தவிர்க்கும் விதி 14 வயது நிரம்பியவர்களுக்கு உண்டு, ஆனால் நோன்புச் சட்டம் 18 வயதிலிருந்துதான் கட்டுப்படுத்துகிறது. பக்திப் போட்டியில் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பட்டினியோடு வெயிலில் நடத்தி மயக்கம் போட வைக்காதீர்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகள், வெளி வீதிகள், வைகைப் பாலங்கள் எல்லாம் அடைபடும். பிள்ளைகள் ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து வருகிற பங்கு என்றால் அந்த வாரம் கூட்டம் வைக்காதீர்கள்.

பங்குத் திருவிழா வரும்போது ஓர் ஆபத்து உண்டு. நாற்காலி போட, தோரணம் கட்ட, அசனத்துக்கு (பொது விருந்துக்கு) பரிமாற என்று உங்கள் குழுவைக் கேட்பார்கள். செய்யட்டும், அதுவும் பணிதான். ஆனால் ஆண்டு முழுவதும் அதுவே வேலையாகிவிட்டால் பிள்ளைகள் தாங்கள் எதற்கு வருகிறோம் என்பதையே மறந்துவிடுவார்கள். திருவிழாவில் இரண்டு நாள் என்று முதலிலேயே பேரவையில் பேசிக்கொள்ளுங்கள்.

8. கூட்டம் நடத்துவது

மாதம் இரண்டு போதும். இரண்டாம், நான்காம் ஞாயிறு, மாலை 4.30 முதல் 5.45 வரை. வாரா வாரம் என்று அறிவித்துப் பாதி நாள் நடத்தாமல் விடுவதைவிட, சொன்ன நாளில் தவறாமல் இருப்பதுதான் பிள்ளைகளைத் திரும்ப வரவைக்கும். இருட்டும் முன் முடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரை மண்டபத்தில் மதியக் கூட்டம் வைக்கவே கூடாது.

75 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் வருகிறவர்களோடு பேச்சு, வருகைப் பதிவு. 10 நிமிடம் ஒரு விளையாட்டு. 10 நிமிடம் அடுத்த ஞாயிற்றின் நற்செய்தியைப் பிள்ளைகளே இருமுறை வாசிப்பது. 25 நிமிடம் சிறு குழுவில் பேச்சு. 10 நிமிடம் குழுக்கள் பகிர்வது. மீதி செபமும் சுண்டலும். விளையாட்டை நீட்டினால் பேச்சுக்கு நேரம் போய்விடும். அனிமேட்டர் பேசிக்கொண்டே இருந்தாலும் அதே கதிதான். சிறு குழுவில் நீங்கள் பேசுவது ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

கேள்விகளை முன்பே எழுதி வாருங்கள். "இந்த நற்செய்தி நமக்கு என்ன கற்றுத்தருகிறது?" என்று கேட்டால் "அன்பு, மன்னிப்பு" என்று மனப்பாடப் பதில் வரும். "இந்த வாரம் வகுப்பில் யாரை எல்லாரும் ஒதுக்கினாங்க? நீ எந்தப் பக்கம் நின்ன?" என்று கேட்டால் கொஞ்சம் அமைதி நிலவும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பாமல் காத்திருங்கள். யாரோ ஒருவர் பேசத் தொடங்குவார். விசுவாசத்தைப் பற்றிக் கடினமான கேள்வி வந்தால், தெரியாததைச் சமாளிக்காமல் அடுத்த கூட்டத்துக்குச் சாமியாரையோ சிஸ்டரையோ அழைத்து வாருங்கள்.

25 பேருக்கு ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை சரியாக இருக்கும். சனி இரவே ஊறப்போட வேண்டும். ஊறாத கடலையை அவசரத்தில் வேகவைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

9. குழு பிரிக்கும்போது கவனம்

இதைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் நம் பங்குகளில் சாதி இருக்கிறது. பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு பிள்ள?" என்று அறிமுகத்தில் கேட்காதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். முகவரி படிவத்தில் இருக்கிறது, அது போதும். "என்ன படிக்கிற, எது பிடிக்கும்?" என்று கேளுங்கள்.

குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அணிகளுக்கு நிற ரிப்பன் கொடுத்துக் கையில் கட்டச் சொல்வது வேறு ஊரில் சாதாரண விளையாட்டாக இருக்கலாம். தென் மாவட்டங்களில் மணிக்கட்டில் கட்டும் நிறக் கயிறு சாதி அடையாளம். நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் அதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அணிகளுக்கு எண் கொடுங்கள், அல்லது தேவசகாயம், கார்லோ அக்குதிஸ் என்று புனிதர் பெயர் வையுங்கள். சுண்டல் பரிமாறுவதிலும் தட்டு கழுவுவதிலும் முறை வைத்து எல்லோரையும் மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே பிள்ளைகளிடமே துடைப்பம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

10. ஒருநாள் பயணம்

ஆண்டுக்கு ஒன்று போதும், முதல் ஆறு மாதத்தில் வேண்டாம். பிள்ளைகளின் பெயரே சரியாகத் தெரியாத நிலையில் எண்ணிப் பார்த்து ஏற்ற முடியாது. மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் சுமார் 25 கி.மீ. தொலைவில் வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை திருத்தலம், மானாமதுரைச் சாலைப் பக்கம் ஏறக்குறைய 35 கி.மீ. தொலைவில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம். இரண்டும் காலையில் போய் மாலையில் திரும்பத்தக்கவை.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும். தெரிந்தவரின் சொந்த வேன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம். வாடகை பேசும்போது டீசல், டோல், டிரைவர் பேட்டா மூன்றும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏறும்போது எண்ணுங்கள், இறங்கும்போது எண்ணுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். வாடிப்பட்டி போனால் பையன்கள் குட்லாடம்பட்டி அருவிக்குக் கேட்பார்கள், இடைக்காட்டூர் என்றால் வைகையில் இறங்கக் கேட்பார்கள். தோட்டக் கிணறும் அப்படித்தான். நீச்சல் தெரியும் என்று சொல்லும் பிள்ளையைக் காப்பாற்ற உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளிலேயே "நீர்நிலைக்குச் செல்ல மாட்டோம்" என்று அச்சிட்டுவிட்டால் அன்று வாதாட வேண்டியிருக்காது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து, பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி வைத்திருங்கள். மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு 108.

11. பணம்

ஒரு கூட்டத்துக்குச் சுண்டல், எலுமிச்சைச் சாறு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 25 பேருக்கு 400 முதல் 500 ரூபாய் என்று திட்டமிடுங்கள். மாதம் இரண்டு, ஆண்டில் பத்து மாதம் என்றால் 10,000 ரூபாய்க்குள். பேரவையில் இந்தத் தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேளுங்கள். கொஞ்ச நாள் கைக்காசு போட்டு ஓட்டுகிறவர்கள் பிறகு சலித்து விலகுகிறார்கள், அடுத்து வருகிறவருக்கும் அதே பாரம் விழுகிறது. பிள்ளைகளிடம் மாதச் சந்தா வாங்காதீர்கள். பத்து ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றுவிடும்.

நன்கொடையை உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள், பங்குக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி ரசீது வாங்கித் தாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் தர முன்வந்தால் சாமியாரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டமும் தனி வங்கிக் கணக்கும் உண்டு. பயணத்துக்குப் போவதானால் ஒரு கணக்கு: அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நகருக்குள் ஒரு கோயிலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போக, வேன் பேசாமல் அதில் போகலாம்.

12. விலகும்போது

மாற்றலோ திருமணமோ வந்து நீங்கள் மதுரையை விட்டுப் போக நேரும். இரண்டு மாதம் முன்பே சாமியாரிடம் சொல்லுங்கள், ஒரு மாதம் முன்பு பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள்; வாட்ஸ்அப்பில் தெரிய வேண்டாம். அடுத்தவரை மூன்று கூட்டத்துக்கு உடன் அழைத்து வாருங்கள். வருகைப் பதிவேடு, பெற்றோர் படிவங்கள், கணக்கு நோட்டு, மண்டபச் சாவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் எண்களையும் படங்களையும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். பெற்றோர் குழுவின் நிர்வாகியாக அடுத்தவரை ஆக்கிவிட்டு அதிலிருந்தும் வெளியே வாருங்கள்.